ஓவியத்தை அளந்து வடிவியல் கற்பிப்பது எப்படி?

பாடநூலில் அச்சாகியிருக்கும் முக்கோணம் பெரும்பாலும் அடிப்பக்கத்தைக் கீழே கிடத்தி, உச்சியை மேலே நிறுத்தி, நிமிர்ந்தே நிற்கிறது. சதுரத்தின் நிலையும் அதுவே. அந்தச் சதுரத்தையே திருப்பி, ஒரு மூலை கீழே வருமாறு கரும்பலகையில் வரைந்து ஆறாம் வகுப்பில் கேட்டால், "டைமண்டு சார்" என்றோ "சாய்சதுரம் மிஸ்" என்றோ விடை வருமே தவிர, சதுரம் என்ற சொல் எளிதில் வராது. சாய்சதுரம் என்ற விடை தவறும் அன்று, எல்லாச் சதுரங்களும் சாய்சதுரங்களே. ஆனால் மாணவர் அந்த உறவை அறிந்து அப்படிச் சொல்லவில்லை, படம் சாய்ந்திருப்பதால் சொல்கிறார். வடிவத்தைப் பண்புகளால் அறியாமல் தோற்றத்தால் மட்டும் அறியும் இந்த நிலையை, நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதியர் 1957இல் தம் ஆய்வேடுகளில் வடிவியல் கற்றலின் தொடக்கப் படியாகக் குறித்தனர். பக்கம், கோணம், இணைத்தன்மை முதலிய பண்புகளைத் தனித்தனியே கண்டுகொள்வது அதற்கு அடுத்த படி. மாணவரை முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றுவதற்கு ஓவியங்கள் மிகவும் உதவும். ஓவியர் வடிவங்களைச் சாய்த்து வைப்பார், ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றுவார், சட்டத்தின் விளிம்பில் பாதியை வெட்டிவிடுவார்; பார்த்தவுடன் பெயர் சொல்ல முடியாமற்போகும்போது மாணவருக்கு அளவுகோலும் பாகைமானியும் தேவைப்படுகின்றன.

இந்தத் தேவையை உண்டாக்காத ஓவிய வகுப்பால் கணிதத்துக்குப் பயன் இல்லை. ஒரு படத்தை மாட்டி, இதில் எத்தனை வட்டம், எத்தனை முக்கோணம் என்று எண்ணச் சொல்லி, மீதிப் பாடவேளையை வண்ணம் தீட்டுவதில் கழித்துவிடலாம். பார்வையிட வருவோருக்கு அது அழகாகத்தான் இருக்கும், மாணவரோ முன்பே தெரிந்த பெயர்களையே திரும்பச் சொல்லியிருப்பார். கீழே உள்ள வழிமுறைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளை மனத்தில் கொண்டு, ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பயன்படுமாறு எழுதப்பட்டவை. புள்ளிக் கோலத்தை இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். சமச்சீர்த்தன்மை என்றாலே கோலம் என்பது நம் பயிற்சி வகுப்புகளில் வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

படத்தைத் தேர்வதும் நகலெடுப்பதும்

தொடக்கத்துக்கு நான்கு ஓவியர்கள் போதும். வாசிலி காண்டின்ஸ்கி, காசிமிர் மாலெவிச், பீட் மோன்ட்ரியான் ஆகிய மூவரின் ஓவியங்களில் வடிவங்கள் நேரடியாகவே இருக்கின்றன. மூவரும் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் இந்தியாவில் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. நான்காமவர் நம் நாட்டின் எஸ். எச். ராசா. இவருடைய படங்களுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது. பாடம் நடத்துவதற்காக ஆசிரியர் நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்றாலும், அதே படத்தை ஃப்ளெக்ஸில் அச்சிட்டுப் பள்ளிச் சுவரில் மாட்டுவதோ காணொளியில் சேர்ப்பதோ வேறு செய்தி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்ல வேண்டாம்.

நகலெடுக்கும்போது நிகழும் ஒரு பிழை பாடத்தையே கெடுத்துவிடும். காண்டின்ஸ்கி 1923இல் வரைந்த 'எட்டாம் கலவை' என்ற ஓவியம் ஏறத்தாழ 140 செ.மீ. உயரமும் 201 செ.மீ. அகலமும் உடையது; இப்போது நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதன் அகலம் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.43 மடங்கு. நம் பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைத் திரையோ 16:9 விகிதத்தில், அதாவது 1.78 மடங்காக, அமைந்தது. படத்தைத் திரை முழுவதும் நிரம்புமாறு இழுத்துவிட்டால், 10 செ.மீ. உயரமுள்ள வட்டம் ஏறத்தாழ 12.4 செ.மீ. அகலமுள்ள நீள்வட்டமாகிவிடும். அதைக் காட்டி "இது வட்டம்" என்று சொல்லும் ஆசிரியரை, அளந்து பார்க்கும் மாணவர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. எனவே படத்தின் பக்கவாட்டுப் பிடியை இழுக்காமல் மூலைப் பிடியை மட்டும் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். அச்சான நகலில் ஒரு வட்டத்தின் விட்டத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

காண்டின்ஸ்கியின் இந்த ஓவியத்துக்கு ஒரு வசதி உண்டு. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 14 செ.மீ. உயரம், 20.1 செ.மீ. அகலம் என்று ஏ4 தாளில் ஓரம் விட்டு அழகாக அமர்ந்துவிடும். நகலில் 1 செ.மீ. என்றால் அசலில் 10 செ.மீ. என்ற கணக்கை ஆறாம் வகுப்பு மாணவரும் மனத்தாலேயே போட்டுவிடுவார். வண்ண நகல் குழுவுக்கு ஒன்று போதும்; மற்ற மாணவர்களுக்குக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதுமானது. வண்ணத்தைச் சொல்லி வடிவத்தைச் சுட்டுவதைவிட, "மேலே இடது மூலையில் உள்ள பெரிய வட்டம்" என்று இடத்தைச் சொல்லிச் சுட்டுவது நல்லது. ஜெராக்ஸ் வைத்திருக்கும் மாணவருக்கும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவருக்கும் அது புரியும்.

முதற் பாடவேளை: காண்டின்ஸ்கி

முதல் ஐந்து நிமிடம் யாரும் எழுதக் கூடாது, பேசவும் கூடாது. படத்தைப் பார்க்க மட்டும் வேண்டும். அடுத்து ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றைச் சொல்லட்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வகுப்புகளில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். இந்தச் சுற்றில் அவர்கள் விரும்பிய மொழியில் சொல்லட்டும், கலைச்சொற்களைப் பிறகு கரும்பலகையில் எழுதிக்கொள்ளலாம். யாராவது "சூரியன்", "மலை" என்று சொன்னால் மறுக்க வேண்டாம். அந்த மலையின் உச்சிக் கோணம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சு வடிவியலுக்கு வந்துவிடும்.

இதற்குப் பிறகு பணி தொடங்குகிறது. படத்தின் இடது மேல் மூலையில் பெரிய கருமையான வட்டம் ஒன்று இருக்கிறது. அதன் மையம் எங்கே என்று கேளுங்கள். பாடநூல் வட்டத்தின் நடுவில் எப்போதும் ஒரு புள்ளி வைத்து 'O' போன்ற எழுத்தையும் குறித்திருப்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் அந்த வட்டத்தைப் பட்டர் பேப்பரில் படியெடுத்து, வெட்டி, பாதியாக மடித்துப் பிரித்து, வேறொரு வாட்டத்தில் மீண்டும் பாதியாக மடித்தால், இரண்டு மடிப்புக் கோடுகளும் வெட்டும் இடமே மையம் என்பதைக் கையாலேயே கண்டுகொள்வார்கள். மடிப்புக் கோடு ஒவ்வொன்றும் விட்டம், அதுவே சமச்சீர்க் கோடும் ஆகும் என்பதை அப்போது சொன்னால் மனத்தில் பதியும். ஒன்பதாம் வகுப்பில் கத்தரிக்கோலுக்கு அனுமதி இல்லை. வட்டத்தில் இணையாக அமையாத இரண்டு நாண்களை வரைந்து, கவராயத்தால் இரண்டுக்கும் மையக்குத்துக்கோடுகள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் காண வேண்டும். நாணின் மையக்குத்துக்கோடு வட்டமையம் வழியே செல்லும் என்ற தேற்றத்தைத் தேர்வுக்காக எழுதிப் பார்த்தவர்களுக்கு, அதற்கு இப்படியொரு பயன் இருப்பது இங்கேதான் தெரிகிறது. நாண்கள் மிகச் சிறியவையாகவோ ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாகவோ இருந்தால் வெட்டும் புள்ளி விலகிப்போகும். எனவே பெரிய நாண்களாக, ஒன்றுக்கொன்று நன்கு சாய்ந்தவையாக வரையச் சொல்லுங்கள்.

மையம் கிடைத்ததும் ஆரத்தை அளந்து, பத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, அசல் ஓவியத்தில் அந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்று கணக்கிடட்டும். கணக்கிட்ட அளவில் ஒரு வட்டத்தை நூலும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டு வகுப்பறைத் தரையில் வரைந்து பார்த்தால், உள்ளங்கையளவு நகலில் கண்டது உண்மையில் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். விகிதம், அளவுமாற்றம் ஆகிய பாடங்களுக்கு இதைவிட எளிய நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அதே ஓவியத்தில் அடிப்பக்கம் மூடப்படாத கூர்மையான கோண உருவங்களும் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலோர் முக்கோணம் என்றே எண்ணியிருப்பார்கள். முக்கோணம் என்றால் என்ன என்ற கேள்வியை வகுப்பில் வைப்பதற்கு அதுவே தக்க தருணம். மூன்று கோட்டுத்துண்டுகளால் அடைபட்ட உருவம் என்ற வரையறையில் 'அடைபட்ட' என்ற சொல் ஏன் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே தங்களுக்குள் வாதிட்டு அறியட்டும். ஆசிரியர் முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டால் இந்தப் பத்து நிமிடமும் வீண். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் குத்தெதிர்க் கோணங்களை அளப்பது, அரைவட்டங்களைத் தேடுவது, கட்டம்போட்ட நாற்கரங்களில் எது இணைகரம், எது சரிவகம் என்று பிரிப்பது ஆகியவற்றை அடுத்த பாடவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காண்டின்ஸ்கி ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டு ஒரு வினாத்தாளை அங்கே சுற்றுக்கு விட்டார். முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்பது அவருடைய கருத்து. இதே வினாவை உங்கள் வகுப்பில் கேட்டு, விடைகளை நேர்க்கோட்டுக் குறிகளால் பட்டியலிட்டுச் செவ்வக விளக்கப்படம் வரையலாம். புள்ளியியல் பாடத்துக்குத் தேவையான தரவு வகுப்பிலேயே கிடைத்துவிடும். சாமந்தி பூக்கும் நம் பக்கத்தில் வட்டத்துக்கு மஞ்சள் என்று பலர் எழுதினாலும் வியப்பில்லை. இதில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லை.

மாலெவிச்சின் கறுப்புச் சதுரம்: அளந்தால்தான் சதுரம்

மாலெவிச்சின் 'கறுப்புச் சதுரம்' 1915இல் வரையப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அப்போது பெட்ரோகிராட் என்று அழைக்கப்பட்ட நகரத்தில் நடந்த கண்காட்சியில், அறையின் மூலையில் உயரத்தில் மாட்டிவைத்திருந்தார்கள். 79.5 செ.மீ. பக்கமுள்ள வெண்ணிறத் துணியின் நடுவே ஒரு கறுப்பு நாற்கரம், அவ்வளவுதான் ஓவியம். வகுப்பில் காட்டியதும் "இதை நானே வரைவேனே" என்ற குரல் எழும். எழட்டும். அது சதுரம்தானா என்று கேளுங்கள். "ஆமாம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். உண்மையில் அந்தக் கறுப்பு உருவத்தின் பக்கங்கள் துணியின் விளிம்புகளுக்குச் சரியாக இணையாக இல்லை, உருவமும் துல்லியமான சதுரம் அன்று. இதை ஆசிரியர் சொல்லாமல் மாணவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால், நகலை ஐந்தில் ஒரு பங்காக, ஏறத்தாழ 15.9 செ.மீ. பக்கத்தில், எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புகைப்படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தாலும் சதுரம் கோணலாகத்தான் தெரியும். ஆகவே முதலில் துணியின் வெளி விளிம்பை அளந்து, நான்கு பக்கங்களும் சமமாகவும் நான்கு மூலைகளும் செங்கோணமாகவும் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகே உள்ளே இருக்கும் கறுப்பு உருவத்தை அளக்க வேண்டும். அளவுகோலை வைத்து ஏழு பேர் அளந்தால் ஏழு விடை வரும். ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருப்பது இயல்பு. ஐந்தில் ஒரு பங்கு நகலில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் அரை செ.மீ. என்பதையும் சேர்த்துச் சொல்லி, எல்லா விடைகளின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பணியை மூன்று குழுக்களுக்கு மூன்று விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். முதற்குழுவுக்கு அளவுகோல் மட்டும். பாகைமானியோ மூலைமட்டமோ கிடையாது. கோணத்தை அளக்காமலேயே சதுரமா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். நான்கு பக்கங்களும் சமம் என்றால் சாய்சதுரம் என்பது வரை எளிதில் வந்துவிடுவார்கள்; சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் மூலைவிட்டங்களை அளப்பார். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமானால் அது சதுரமாகிவிடும் என்பதை, பாடநூலில் படித்திருந்தாலும், இப்போதுதான் தேவைக்காகக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாம் குழுவுக்குப் பாகைமானியும் நேர்விளிம்புள்ள அட்டையும் மட்டும் கொடுங்கள், நீளத்தை அளக்கக் கூடாது. நான்கு கோணங்களும் செங்கோணம் என்றால் செவ்வகம். அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டினால் சதுரம். மூன்றாம் குழுவுக்கு ஒரு பட்டர் பேப்பர் மட்டுமே. உருவத்தை அதில் படியெடுத்து, மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் பென்சில் முனையை ஊன்றிக் கால் சுற்றுச் சுற்றி, கீழே உள்ள உருவத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் சதுரம். சுழல் சமச்சீரின் வரிசை நான்கு என்று சொல்வதன் பொருள் இதுவே. மூன்று குழுக்களும் தனித்தனி வழியில் ஒரே முடிவுக்கு வரும்போது, ஒரு வடிவத்துக்கு ஒரே வரையறைதான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பது வகுப்புக்குத் தானே தெரிந்துவிடும்.

மோன்ட்ரியானும் முற்றொருமையும்

மோன்ட்ரியானின் புகழ்பெற்ற ஓவியங்களில் கிடைக்கோடும் செங்குத்துக்கோடும் மட்டுமே இருக்கும். அவற்றுக்கு இடையே சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று வண்ணங்களும் வெண்மையும் நிறைந்திருக்கும். 1930இல் அவர் வரைந்த 'சிவப்பு, நீலம், மஞ்சள் கலவை' ஒரு சதுரத் துணி. அதன் வலது மேல் பகுதியைப் பெரிய சிவப்புப் பரப்பு நிறைக்கிறது, இடது கீழ் மூலையில் நீலம், வலது கீழ் மூலையில் சிறிய மஞ்சள். இதை அப்படியே பார்த்து வரைவதைவிட, அவருடைய முறையில் வகுப்புக்கென்று எளிய ஓவியம் ஒன்றை வரையச் செய்வது நல்லது.

வரைபடத்தாளில் 12 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து, இடது விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒரு செங்குத்துக்கோடும், கீழ் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒரு கிடைக்கோடும் முழு நீளத்துக்கு இழுக்க வேண்டும். வலது மேல் பகுதி 9 செ.மீ. பக்கமுள்ள சதுரம், அதற்குச் சிவப்பு. இடது கீழ்ப் பகுதி 3 செ.மீ. சதுரம், அதற்கு நீலம். மற்ற இரண்டும் 9க்கு 3 என்ற அளவுள்ள செவ்வகங்கள், அவை வெண்மையாகவே இருக்கட்டும். பரப்பளவுகள் 81, 9, 27, 27, கூட்டினால் 144. ஆறாம் வகுப்பில் சிவப்பு மொத்தத்தில் 16இல் 9 பங்கு, நீலம் 16இல் 1 பங்கு என்று பின்னமாகச் சொல்லச் செய்யலாம். எட்டாம் வகுப்பில் 9ஐ a என்றும் 3ஐ b என்றும் எழுதிப் பார்த்தால், a கூட்டல் b முழுவதன் வர்க்கம் என்ற முற்றொருமை கண் முன்னே கிடக்கும். இரண்டு வெள்ளைச் செவ்வகங்கள்தாம் 2ab. அந்த உறுப்பை மறந்துவிட்டு a வர்க்கம் கூட்டல் b வர்க்கம் என்று எழுதும் மாணவருக்கு, "வெள்ளை இரண்டையும் எங்கே விட்டாய்?" என்ற கேள்வி போதும்.

இந்த ஓவியத்தில் எத்தனை செவ்வகங்கள் என்று கேட்டால் முதலில் நான்கு என்பார்கள், பிறகு வெளிச் சதுரத்தையும் சேர்த்து ஐந்து என்பார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் கிடைக்கும் நான்கையும் எண்ணினால் மொத்தம் ஒன்பது. அவற்றுள் மூன்று சதுரங்கள். சதுரத்தைச் செவ்வகக் கணக்கில் சேர்க்கலாமா என்ற சண்டை கட்டாயம் வரும். வராவிட்டால் ஆசிரியரே மூட்டிவிட வேண்டும். கூர்ந்து பார்க்கும் மாணவர் ஒருவர், மோன்ட்ரியானின் கறுப்புக் கோடுகள் தடிமனாக இருக்கின்றனவே, அவற்றின் பரப்பை எதில் சேர்ப்பது என்றும் கேட்கக்கூடும். மிக நல்ல கேள்வி. கணிதத்தில் கோட்டுக்கு அகலம் இல்லை. ஓவியத்தில் காணும் கோடு உண்மையில் ஒடுங்கிய செவ்வகம். வேண்டுமானால் கோட்டுக்கு அரை செ.மீ. அகலம் கொடுத்துக் கணக்கை மீண்டும் போடச் செய்யலாம்.

மோன்ட்ரியான் சில ஓவியங்களுக்குச் சதுரத் துணியையே 45 பாகை திருப்பி, மூலை மேலே வருமாறு மாட்டினார். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 'டைமண்டு' சிக்கலுக்கு இதுவே நேரடி மருந்து. நகலைத் தாளோடு திருப்பினாலே சதுரம் என்பது தெரிந்துவிடும். அவர் 1944இல் இறக்கும்போது முடிக்காமல் விட்டுச்சென்ற 'விக்டரி பூகி வூகி' இத்தகையது. அதன் பக்கம் ஏறத்தாழ 127 செ.மீ.; அப்படியானால் சுவரில் எவ்வளவு உயரமுள்ள இடம் வேண்டும் என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் கேட்கலாம். 127ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்க, ஏறத்தாழ 180 செ.மீ. வரும்.

வெள்ளைக் கோட்டு உருவங்கள்: வார்லியும் மல்லப்பாடியும்

மகாராட்டிரத்தின் வார்லி பழங்குடியினர் செங்காவி மண் பூசிய சுவரில் அரிசிமாவால் வரையும் ஓவியங்களில் மனித உடல் என்பது உச்சியோடு உச்சி தொட்டு நிற்கும் இரண்டு முக்கோணங்களே. தலை ஒரு வட்டம். இந்த மரபைச் சுவரிலிருந்து தாளுக்கும் துணிக்கும் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் ஜிவ்யா சோமா மாஷே (1934–2018). ஓவியம் பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிந்தாலும், பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணங்களுக்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது அரிது.

சார்ட் அட்டையில் இரண்டு இருசமபக்க முக்கோணங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மேல் முக்கோணத்தின் தோள் பக்கம் 6 செ.மீ., மற்ற இரண்டு பக்கங்களும் 5 செ.மீ.; கீழ் முக்கோணத்தின் இடுப்புப் பக்கம் 3 செ.மீ., மற்றவை 2.5 செ.மீ. உச்சிகள் இரண்டும் தொடுமாறு வைத்து, தொடும் இடத்தில் குண்டூசியைக் குத்துங்கள். உருவம் நேராக நிற்கும்போது சாய்பக்கங்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன, உச்சிகள் தொடும் இடத்தில் உள்ள இரண்டு கோணங்களும் குத்தெதிர்க் கோணங்களாகச் சமமாகின்றன, தோள்கோடும் இடுப்புக்கோடும் இணையாக இருப்பதால் ஒன்றுவிட்ட கோணங்களும் சமமாகின்றன. எனவே முக்கோணங்கள் வடிவொத்தவை. பக்கங்களின் விகிதம் 2:1. உயரங்கள் 4 செ.மீ., 2 செ.மீ.; பரப்பளவுகள் 12, 3 சதுர செ.மீ.; அவற்றின் விகிதம் 4:1.

இப்போது மேல் முக்கோணத்தை ஊசியைச் சுற்றி 30 பாகை திருப்புங்கள். உருவம் வளைந்து ஆடத் தொடங்கிவிடும். வார்லி ஓவியர்கள் ஆட்டத்தையும் ஓட்டத்தையும் காட்டுவது இந்தச் சாய்வினால்தான். தோள்கோடு இனி இடுப்புக்கோட்டுக்கு இணை இல்லை. முக்கோணங்கள் இன்னும் வடிவொத்தவையா என்று கேட்டுப் பாருங்கள். இணைகோடுகளோடு சேர்த்தே வடிவொப்புமையைப் படித்தவர்கள் தயங்குவார்கள், சிலர் இல்லை என்றே சொல்வார்கள். அட்டையை வெட்டவோ நீட்டவோ இல்லை, திருப்பத்தான் செய்தோம். பக்கங்களும் கோணங்களும் மாறவில்லை, ஆகவே வடிவொப்புமையும் மாறவில்லை. இணைத்தன்மை அதை நிறுவ உதவிய ஒரு சான்று மட்டுமே என்பதை மாணவர் கையாலேயே திருப்பிப் பார்த்து உணர்வது, பத்துக் கணக்குகளைப் போடுவதைவிட மேலானது என்பது என் எண்ணம்.

வெண்மையால் மனிதரையும் விலங்கையும் வரையும் வழக்கத்துக்கு நம் ஊரிலேயே மிகப் பழைய சான்று உண்டு. பர்கூருக்கு அருகிலுள்ள மல்லப்பாடியின் பாறை ஓவியங்களில் குதிரை மீது அமர்ந்த மனித உருவங்கள் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. வார்லிக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சில கோடுகளாலேயே உடலின் வாட்டத்தைக் காட்டும் முறையை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒரு நகலை வைத்து, உடலுக்கும் காலுக்கும் இடையிலான கோணங்களைப் பாகைமானியால் அளந்து, குறுங்கோணம், விரிகோணம் என்று வகைப்படுத்தலாம். நேரில் அழைத்துச் செல்வதானால், உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பாறையில் தண்ணீர் தெளிப்பதோ சுண்ணாம்புக் கட்டியால் கோட்டின் மேல் கோடு இழுப்பதோ கூடவே கூடாது என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓவியத்தைத் தொடுவதும் வேண்டாம். அளவுகோலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் வகுப்புக்கு வந்து விகிதத்தைக் கணக்கிடலாம்.

தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டையில், சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாக உள்ளன. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய அந்த ஓவியங்களை எட்டி அளக்க இயலாது, அளக்கவும் கூடாது. ஆனால் தூண்களுக்கு இடைப்பட்ட தொலைவைத் தரையில் நாடாவால் அளந்தால், அவற்றுக்கு நேர்மேலே உள்ள விதானப் பகுதியின் நீள அகலம் கிடைத்துவிடும். எட்டாத பொருளைத் தொடாமல் அளப்பது எப்படி என்ற பாடத்துக்கு நல்ல தொடக்கம் இது. புகைப்படம் எடுக்கக் கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை.

ராசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்தியப் பிரதேசத்தில் 1922இல் பிறந்த அவருடைய பிற்கால ஓவியங்களின் நடுவே 'பிந்து' என்ற கரும்புள்ளி இருக்கும். அதைச் சுற்றிப் பொதுமைய வட்டங்களும், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நிற்கும் முக்கோணங்களும், சதுரக் கட்டங்களும் சூழ்ந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு வட்டங்களுக்கு இடைப்பட்ட வளையத்தின் பரப்பைக் காண இவை ஏற்றவை. ஆரங்கள் 1, 2, 3, 4 செ.மீ. என்று ஏறினால் வளையங்களின் பரப்புகள் π-யின் 3, 5, 7 மடங்குகளாக வரும் என்பதை மாணவரே கண்டுகொள்ளட்டும்.

மாணவர் வரைந்ததை மதிப்பிடுதல்

இறுதிப் பணியாக ஒவ்வொரு குழுவும் தனக்கென ஓர் ஓவியம் வரையலாம். செம்மண் நிறச் சார்ட்டில் வெள்ளை போஸ்டர் கலர் நன்றாகத் தெரியும். ஆனால் மதிப்பெண் அழகுக்கு அன்று. அழகுக்கு மதிப்பெண் இட்டால் கை வாகு உள்ள இருவர் மட்டும் வரைவார்கள், மற்றவர்கள் வண்ணக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓவியத்தோடு ஒரு வரைமுறைத் தாளையும் கேளுங்கள். படத்தைப் பார்க்காத ஒருவர், அந்தத் தாளை மட்டும் படித்து அதே ஓவியத்தை வரையக்கூடிய வகையில் எல்லா அளவும் அதில் இருக்க வேண்டும்: "தாளின் இடது விளிம்பிலிருந்து 5 செ.மீ., கீழ் விளிம்பிலிருந்து 8 செ.மீ. தொலைவில் மையம் கொண்டு 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம் வரைக" என்பது போல. ஓவியங்களை மேசைக்குள் பூட்டிவிட்டு, தாள்களை மட்டும் குழுக்களுக்குள் மாற்றிக் கொடுத்து வரையச் செய்யுங்கள். அதே அளவுத் தாளில் வரைந்த இரண்டாம் படத்தையும் அசலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் (சார்ட் தடிமனாக இருந்தால் இரண்டையும் பட்டர் பேப்பரில் படியெடுத்து) எங்கே விலகியது என்று தெரிந்துவிடும். விலகல் வாசித்தவரின் கவனக்குறைவால் வந்ததா, எழுதியவர் ஓர் அளவை விட்டுவிட்டதால் வந்ததா என்று இரு குழுக்களும் சேர்ந்து பார்த்து, பின்னதானால் எழுதிய குழு தன் தாளைத் திருத்தி எழுதித் தர வேண்டும். முக்கோணத்துக்கு இரண்டு பக்கங்களை மட்டும் எழுதி இடைக்கோணத்தை விட்டவர்களும், சாய்சதுரத்துக்குப் பக்க அளவை மட்டும் தந்தவர்களும் இந்தக் கட்டத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள். மதிப்பெண்ணைத் திருத்திய தாளுக்கே இடுங்கள்.